சீலா எந்த மீன்?

நெல்லைக் கடற்கரை ஊர்களான உவரியிலும் கூத்தங்குழியிலும் சீலா என்றால், உடம்பில் நெளிநெளியாகக் கோடு ஓடும் விலை கூடிய மீன். சென்னைக்காரர்கள் அதை வஞ்சிரம் என்பார்கள். சென்னையில் போய் சீலா கேட்டால், தட்டில் வந்து விழுவது நம்மூரில் ஊளி எனப்படும் வேறு மீன்! கடல் உயிர்களுக்கு இணையத்தில் தரவுத்தளம் உருவாக்குகிறவர்களுக்குப் பெரும்பாடு இந்தப் பெயர்ச் சிக்கல்தான்.

சரி, அறிவியல் பெயரைப் போட்டால் தீர்ந்துவிடாதா? அங்கேயும் குழப்பம் உண்டு. அட்லாண்டிக் கரைப் பாறைகளில் ஒட்டி வாழும் லிட்டோரினா சாக்ஸடிலிஸ் என்ற சிறு நத்தையின் ஓடு இடத்துக்கு இடம் நிறமும் வடிவமும் மாறும். பார்த்தவர்கள் எல்லாம் புது உயிர் என்று நினைத்து நூற்றுக்கு மேல் பெயர் சூட்டிவிட்டார்கள். பெல்ஜியத்தில் பராமரிக்கப்படும் 'வோர்ம்ஸ்' என்ற உலகக் கடல் உயிரினப் பதிவேடு 4,18,850 இனப் பெயர்களை அலசியது. அவற்றில் 1,90,400 பெயர்கள், ஏற்கெனவே பெயர் பெற்ற உயிர்களுக்கே மறுபடி வைத்தவை என்று 2015-இல் அறிவித்தது.

அந்தப் பழைய பெயர்களை அழித்துவிடுவதில்லை. இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். 1986 வரை நெல்லை மாவட்டத்தோடு இருந்த தூத்துக்குடியின் சங்கையே பாருங்கள். உயிர்களுக்கு இரட்டைச் சொல்லில் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸ் 1767-இல் அதற்கு வைத்த பெயர் வொலூட்டா பைரம். பழைய மீன்வள அறிக்கைகளில் அது ஸாங்கஸ் பைரம். இன்று டர்பினெல்லா பைரம். ஒவ்வொரு பெயருக்கும் பதிவேட்டில் தனி எண் உண்டு. பழைய பெயரைத் தேடினால், இன்று ஏற்கப்பட்ட பெயருக்கு அது வழிகாட்டும். இன்றைய பெயருக்குப் பின்னால் லின்னேயஸும் ஆண்டும் அடைப்புக்குறிக்குள் நிற்கும். முதலில் வேறு பேரினத்தில் (பெயரின் முதல் சொல் குறிக்கும் குழுவில்) இருந்து பிறகு இடம் மாறியது என்பதற்கு அதுவே அடையாளம். எதை ஏற்பது என்பதை அந்தந்த உயிர்க்குழுவில் ஊறிய வல்லுநர்கள் முடிவு செய்கிறார்கள்.

மீன்களுக்கென்றே உள்ள ஃபிஷ்பேஸ் என்ற இணையத் தரவுத்தளத்தில் 35,000-க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. பல மொழிகளின் வழக்குப் பெயர்களும் உண்டு. ஆனால் 'தமிழ்: சீலா' என்று மட்டும் எழுதினால் போதவே போதாது. எந்தக் கரையில் அந்தப் பெயர் என்பதையும் சேர்க்க வேண்டும்.

அப்புறம் படம். ஏலத்தில் கிடக்கும் மீனைப் படம் எடுப்பவர்கள் தலையை மட்டும் எடுக்காமல், பக்கவாட்டில் முழு மீனும் தெரிய, அருகே ஓர் அளவுகோலும் வைத்து எடுக்க வேண்டும். நெளிகோட்டுச் சீலாவுக்கு விலாவில் ஓடும் பக்கக்கோடு, இரண்டாம் முதுகுத்துடுப்பு முடியும் இடத்தில் சட்டென்று கீழே மடங்கும். புள்ளி போட்ட இன்னொரு சீலாவுக்கு அந்த மடிப்பு இருக்காது. வால் பக்கம் படத்தில் விழாவிட்டால், அந்த அடையாளம் வல்லுநருக்குக் கிடைக்காது.