ஆரூடம்: பலிப்பதும் பிழைப்பதும்

தேர்தல் முடிவுக்கு முன் யார் என்ன சொன்னாலும் 'ஆரூடம்'. பங்குச்சந்தை ஏறும் என்றால் ஆரூடம், இறுதிப் போட்டியில் இன்ன அணி வெல்லும் என்றால் ஆரூடம், புயல் திசை மாறும் என்றால் அதற்கும் அதே பெயர். செய்தித் தலைப்பு எழுதுபவர்களுக்கு இவ்வளவு வசதியான சொல் வேறு கிடைக்காதுதான். ஆனால் இவை எல்லாம் ஒரே காரியம் அல்ல.

ஆரூடம் வடசொல். 'ஆரூட' என்றால் ஏறிய, ஏறி அமர்ந்த என்று பொருள். இசையில் சுரங்கள் ஏறும் வரிசையை ஆரோகணம் என்கிறோமே, அதுவும் இதே வேரிலிருந்து வந்ததுதான். ஏறுவதற்கும் வருங்காலத்துக்கும் என்ன தொடர்பு? சோதிடத்தில் பிறப்புக் குறிப்பைப் பார்க்காமல், ஒருவர் வந்து கேள்வி கேட்கும் நேரத்தை வைத்துப் பலன் சொல்லும் பிரிவு ஒன்று உண்டு. அதில் கேட்பவர் எந்தத் திசையில் நிற்கிறார், சோழிகள் எப்படி விழுந்தன என்பன போன்றவற்றைக் கொண்டு ஒரு ராசியைத் தேர்வார்கள். கேள்வி 'ஏறி அமர்ந்த' அந்த ராசி ஆரூட ராசி. நாளடைவில் ராசியின் பெயர் பலன் சொல்வதற்கே பெயராகி, பிறகு வருங்காலம் பற்றிய எந்தப் பேச்சுக்கும் ஒட்டிக்கொண்டது.

தமிழில் இதற்கெனப் பழஞ்சொற்கள் இல்லாமல் இல்லை. முல்லைப்பாட்டின் தொடக்கத்திலேயே ஒன்று வருகிறது. போருக்குப் போன தலைவன் எப்போது திரும்புவான் என்று தெரியவில்லை. முதுபெண்டிர் ஊருக்கு வெளியே போய் நெல்லும் முல்லைப்பூவும் தூவித் தொழுது, காதில் விழப்போகும் சொல்லுக்காகக் காத்து நிற்கிறார்கள். ஓர் ஆய்மகள் பசியோடு இருக்கும் கன்றிடம், உன் தாய் இப்போதே வந்துவிடுவாள் என்று சொல்வது கேட்கிறது. சரி, தலைவனும் வந்துவிடுவான் என்று முடிவுகட்டுகிறார்கள். இப்படி நற்சொல் கேட்டு நிற்பதற்கு விரிச்சி என்று பெயர். ஆரூடத்துக்கு நேரான தமிழ்ச்சொல் வேண்டும் என்பவர்கள் முதலில் இதைத்தான் எடுக்க வேண்டும். அடுத்ததாகக் 'குறி' இருக்கிறது. குறி சொல்லுதல் இன்றும் எல்லோருக்கும் தெரிந்த வழக்கு.

மூன்றாவது சொல் கணி. காலத்தைக் கணிப்பவன் கணியன். பூங்குன்றனாரின் பெயருக்கு முன்னால் நிற்பவனும் அவன்தான். இது வடமொழிக் கணிதத்தின் உறவு என்பாரும் உண்டு, தமிழ் வேரே என்பாரும் உண்டு. அந்த வழக்கை இங்கே தீர்க்கப் போவதில்லை. எனக்குப் பிடித்தது வேறொரு செய்தி: அகராதியில் கணி என்பதற்கு வேங்கை மரம் என்றும் ஒரு பொருள் இருக்கிறது. குறிஞ்சி நிலப் பாடல்களில் வேங்கை பூத்தால் தினை முற்றிவிட்டது, கொய்யலாம் என்று பொருள். மரம் எதையும் கணக்கிடவில்லை. பூவும் தினையும் ஒரே பருவத்துக்குக் கட்டுப்பட்டவை, அதனால் ஒன்றைப் பார்த்து மற்றதைச் சொல்ல முடிகிறது. வருங்காலம் பற்றிய பேச்சு எங்கெல்லாம் தேறுகிறதோ, அங்கெல்லாம் இப்படி ஒரு கட்டு இருப்பதைப் பார்க்கலாம்.

ஆரூடத்துக்கும் கணிப்புக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டுபிடிக்க அவற்றோடு சேரும் வினைகளைப் பார்த்தாலே போதும். ஆரூடம் பலிக்கும், அல்லது பலிக்காது. இரண்டே நிலை. கணிப்போ பிழைபடும், எவ்வளவு பிழை என்று அளந்தும் சொல்லலாம். ஆரூடத்தில் பத்து விழுக்காடு பிழை என்று யாராவது பேசிக் கேட்டிருக்கிறோமா?

ஆங்கிலத்திலும் இந்தச் சிக்கல் எழுந்தது. ராபர்ட் ஃபிட்ஸ்ராய் என்ற கடற்படை அதிகாரி 1861 ஆகஸ்ட் 1 முதல் லண்டன் நாளிதழில் வானிலைக் கணிப்புகளை வெளியிட்டார். தாம் செய்வது தீர்க்கதரிசனம் அல்ல என்பதில் பிடிவாதமாக இருந்தவர் அவர். அறிவியல் முறையில் சேர்த்துக் கணக்கிட்டு எட்டும் கருத்துக்குத் தனிப்பெயர் வேண்டும் என்று 'ஃபோர்காஸ்ட்' என்ற சொல்லை அதற்குப் பொருத்தினார். சொல் நிலைத்தது. ஆனால் கணிப்புகள் தவறியபோது படிப்பவர்கள் அதை ஆரூடமாகவே எடுத்துக்கொண்டு கேலி செய்தார்கள். அவர் 1865இல் இறந்த பிறகு, 1866இல் அந்த வெளியீடும் நிறுத்தப்பட்டது.

கணிக்கும் பொருளைப் பொறுத்துப் பிழையின் அளவு மாறுகிறது. 1531, 1607, 1682 ஆகிய ஆண்டுகளில் தெரிந்தது ஒரே வால்மீன்தான் என்று வானியலாளர் எட்மண்ட் ஹாலி கணக்கிட்டு, 1758 வாக்கில் மறுபடி வரும் என்றார். அவர் இறந்து 16 ஆண்டுகள் கழித்து அது வந்தது. வியாழனும் சனியும் அதை இழுத்துத் தாமதப்படுத்தும் என்று கணக்குப் போட்ட பிரெஞ்சுக் கணித அறிஞர் கிளெரோவும் அவருடைய துணைவர்களும், 1759 ஏப்ரல் நடுவில் சூரியனை நெருங்கும் என்றார்கள். நெருங்கியது மார்ச் 13. 76 ஆண்டுப் பயணத்தில் ஒரு மாதம் பிழை!

காற்று அப்படி இல்லை. 1961இல் வானிலை ஆய்வாளர் எட்வர்ட் லோரன்ஸ் தம் கணினியில் ஒரு வானிலை மாதிரியை மறுபடி ஓட்டும்போது 0.506127 என்ற எண்ணைச் சுருக்கி 0.506 என்று உள்ளிட்டார். முதலில் பழைய விடையே வந்தது. போகப்போக இரண்டும் தொடர்பே இல்லாமல் பிரிந்தன. விதிகள் முழுவதும் தெரிந்திருந்தும் தொடக்க அளவில் ஒரு துளி பிசகினால் போதும், கணக்கு கைவிட்டுப் போகிறது. கணினியும் செயற்கைக்கோளும் வந்த பிறகு நம்பத்தக்க வானிலைக் கணிப்பின் எல்லை சுமார் பத்தாண்டுக்கு ஒரு நாள் வீதம் நீண்டிருக்கிறது. அப்படியும் இரண்டு வாரத்தைத் தாண்டி இன்ன நாளில் இப்படி இருக்கும் என்று சொல்வது அரிது.

மனிதர்கள் விஷயம் இன்னும் மோசம். வால்மீனுக்குத் தன்னைப் பற்றிச் சொன்னது காதில் விழாது, மனிதர்களுக்கு விழும். வங்கி திவாலாகும் என்று வதந்தி பரவினால் எல்லோரும் பணத்தை எடுக்க ஓடுவார்கள், நல்ல வங்கியும் கவிழ்ந்துவிடும். சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1948இல் விளக்கியது இதைத்தான். அரசியல், பொருளாதார வல்லுநர்கள் 284 பேரிடம் உளவியலாளர் ஃபிலிப் டெட்லாக் பல ஆண்டுகள் கணிப்புகளைத் திரட்டி 2005இல் முடிவுகளை வெளியிட்டார். எளிய சூத்திரங்களைக்கூட அவர்களில் பெரும்பாலோர் மிஞ்சவில்லை.

அப்புறம், எந்தச் சொல்லை எங்கே வைப்பது? தரவும் முறையும் இருந்தால் முன்கணிப்பு. வெறும் 'கணிப்பு' போதாதா என்று கேட்கலாம். இன்றைய மக்கள்தொகையையும் கணிக்கலாம் என்பதால் 'முன்' தேவைப்படுகிறது. வானிலைக்கு 'முன்னறிவிப்பு' ஊன்றிவிட்டது, எனக்கு அதில் சிறு மனக்குறை. 'முன்னறிவிப்பின்றி' என்ற வழக்கில் அந்தச் சொல் முடிவான செய்தியைத்தான் குறிக்கிறது. முடிவாகாத மழையை எப்படி அறிவிப்பது? ஈழத்தில் வழங்கும் 'எதிர்வுகூறல்' இதைவிட நல்ல சொல். இறப்பு, எதிர்வு, நிகழ்வு என்று நன்னூல் காலத்தைப் பிரிக்கும்போது ஆளும் சொல் அதில் இருக்கிறது. முறை எதுவும் இல்லாமல் மனத்தில் பட்டதைச் சொன்னால் ஊகம். தொல்காப்பியத்தில் ஊகம் ஒரு குரங்கின் பெயர். வேறு சொல்தான், இருந்தாலும் கிளைக்குக் கிளை தாவும் பொருத்தத்தை ரசிக்காமல் இருக்க முடியவில்லை. ஆரூடம் சோழிகளோடு இருந்துகொள்ளட்டும்.

தமிழ் இலக்கணமே இதில் கொஞ்சம் எச்சரிக்கையாகத்தான் இருந்திருக்கிறது. 'அவர் இப்போது வீட்டில் இருப்பார்' என்கிறோம். பேச்சு இந்த நிமிடத்தைப் பற்றியது, வினை எதிர்காலத்தில் நிற்கிறது. உறுதியாகத் தெரியாததைச் சொல்ல நமக்கு வாய்த்திருப்பது எதிர்கால இடைநிலைதான்.