டோல்கேட்டில் லாரிக்குத் தனி லேன்: வரிசையின் வாலைப் பாருங்கள்

டோல்கேட் விபத்து என்றாலே பூத்தில் வண்டி மோதுவதுதான் பலருக்கு நினைவுக்கு வரும். சாலைப் பாதுகாப்புத் தணிக்கைக்காக நெடுஞ்சாலைகளில் நின்று பார்க்கும் எனக்கு அச்சம் தருவது வேறு இடம்: காத்திருக்கும் வரிசையின் கடைசி வண்டி.

1983 ஜனவரி 19 அன்று அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், ஸ்ட்ராட்ஃபோர்டு டோல்கேட்டில் காத்து நின்ற கார்கள்மீது ஒரு லாரி வந்து மோதியது. 7 பேர் இறந்தார்கள். சில ஆண்டுகளில் அந்தச் சாலையில் சுங்க வசூலே நிறுத்தப்பட்டது. அதற்கு இந்த விபத்தும் ஒரு முக்கியக் காரணம்.

80 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி நொடிக்கு 22 மீட்டர் கடக்கிறது. எதிரே வரிசை நிற்பதைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க இரண்டரை நொடி ஆனால், அதற்குள் 55 மீட்டர் போய்விடும். பாரம் ஏற்றிய லாரி நிற்க அதற்கு மேல் இன்னும் 60 மீட்டராவது வேண்டும். மழையும் தேய்ந்த டயரும் சேர்ந்தால் இதுவும் போதாது. காருக்கு அந்த 60-க்குப் பதில் 40 மீட்டர் இருந்தால் போதும். அதனால்தான் காரில் வருபவர், லாரிக்கு முன்னால் தெரியும் இடைவெளியைக் காலி இடம் என்று நினைத்து நுழைந்துவிடுகிறார். லாரி ஓட்டுநர் நிற்பதற்காக விட்டு வைத்த தூரம் அது!

தனி லேனின் பெரிய பயன் இந்த நுழைவைத் தடுப்பதுதான். ஆனால் அந்தப் பிரிப்பு பூத் வாசலில் தொடங்கினால் பயனில்லை, ஆபத்துதான் கூடும். நான் பார்த்த ஒரு சாவடியில் 'கனரக வாகனங்கள்' என்ற பலகை கூரையின் மேல் மட்டும்தான் இருந்தது. வலது ஓரமாக வந்த டிரெய்லர்கள் அதைப் பார்த்த பிறகு, நான்கைந்து வரிசைகளைக் குறுக்கே வெட்டி இடது பக்கம் போயின. அந்த இடது ஓரத்தில்தான் கட்டணமில்லாத பைக்குகளும் போகும். ஓட்டுநர் வலது பக்கம் உட்கார்ந்திருக்கிறார். இடது பக்கச் சக்கரத்தை ஒட்டி வரும் பைக் அவர் கண்ணில் படாது. கிளீனர் இருந்தால் எட்டிப் பார்த்துக் குரல் கொடுப்பார். இப்போது கிளீனர் இல்லாமல் ஓடும் லாரிகள் எத்தனையோ.

இன்னொன்று, வரிசையின் நீளம். 2021-இல் ஃபாஸ்டேக் கட்டாயமானது. அதே ஆண்டு, வரிசை 100 மீட்டரைத் தாண்டக் கூடாது என்று சாவடிகளில் மஞ்சள் கோடு போடச் சொன்னார்கள். நல்ல யோசனைதான். ஆனால் அந்த 100 மீட்டரில் கார்கள் 15-க்கு மேல் நிற்கும். 18 மீட்டர் டிரெய்லர் ஐந்தோடு சரி. லாரிக்கு ஒரே ஒரு லேனை ஒதுக்கிவிட்டு, அதிலும் டேக்கில் பணமில்லாத வண்டி ஒன்று மாட்டிக்கொண்டால், வரிசையின் வால் வேகமாக வண்டி ஓடும் சாலைக்கே வந்துவிடும். அந்த வண்டியைப் பின்னால் எடுக்கச் சொல்வது அதைவிட மோசம். பக்கவாட்டில் ஒதுங்க இடம் விட்டுக் கட்டியிருக்க வேண்டும்.

லாரி ஓட்டுநர்களிடம் கேட்டால் அவர்கள் பெரிதாக எதுவும் கேட்பதில்லை. ஒரு கிலோமீட்டர் முன்பே பலகை, அரை கிலோமீட்டரில் இன்னொன்று, இரவில் தெரியும் எழுத்து. இவை இருந்தால் அவசரமில்லாமல் இடது பக்கம் வந்துவிடுவோம் என்கிறார்கள். காரில் வருபவர்களிடம் நான் கேட்பது: வரிசையின் கடைசி வண்டி உங்களுடையது என்றால், பின்னால் இன்னொரு வண்டி வந்து நிற்கும்வரை ஹசார்டு விளக்கைப் போட்டு வையுங்கள், கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே இருங்கள்.