சுழல் விஸ்காமீட்டர் உண்மையில் எதை அளக்கிறது?

சுழல் விஸ்காமீட்டர் பாகுநிலையை, அதாவது திரவம் ஓடுவதற்குக் காட்டும் எதிர்ப்பை, நேரடியாக அளப்பதில்லை. ஒரு சுருள்வில் எவ்வளவு முறுக்கிக்கொண்டது என்பதைத்தான் அளக்கிறது. மேலே மோட்டார் சீரான வேகத்தில் சுழல்கிறது. கீழே ஸ்பிண்டில் எனப்படும் சுழலும் தண்டு திரவத்தில் மூழ்கியிருக்கிறது. இரண்டையும் இணைப்பது பெரிலியம் கலந்த செம்பில் செய்த மெல்லிய வில். திரவம் ஸ்பிண்டிலைப் பிடித்து நிறுத்தப் பார்க்க, அது மோட்டாரைவிடக் கொஞ்சம் பின்தங்குகிறது. அந்தப் பின்தங்கலை முழு அளவில் (கருவி காட்டக்கூடிய அதிகபட்சத்தில்) இத்தனை சதவீதம் என்று கணக்கிட்டு, ஸ்பிண்டிலுக்கும் வேகத்துக்கும் உரிய காரணியால் பெருக்கினால் மில்லிபாஸ்கல்-வினாடியில் விடை வருகிறது. சென்டிபாய்ஸ் என்று போட்டிருந்தாலும் அதே எண்தான்.

ஆகவே திரையில் முதலில் பார்க்க வேண்டியது சதவீதத்தை. பெரும்பாலான கருவிகளின் துல்லியம் ‘முழு அளவில்’ ±1%, காட்டும் எண்ணில் அல்ல. குறைந்த பாகுநிலைக்கான எல்வி வகைக் கருவியில் 1ஆம் ஸ்பிண்டிலை நிமிடத்துக்கு 60 சுற்றில் ஓட்டினால் முழு அளவு 100 மில்லிபாஸ்கல்-வினாடி. பிழை எப்போதும் ±1. திரவம் 80 காட்டினால் அது பெரிதல்ல. 12 காட்டினால் அதே ±1 எட்டு சதவீதத்துக்கு மேல். 10 சதவீதத்துக்குக் கீழே வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளவே வேண்டாம். வேகத்தைக் கூட்டுங்கள், அல்லது பெரிய ஸ்பிண்டிலுக்கு மாறுங்கள்.

வேகத்தைக் கூட்டுவதற்கும் ஓர் எல்லை உண்டு. பிரெஞ்சு இயற்பியலாளர் மொரீஸ் கூவெட் 1890இல் வெளியிட்ட ஆய்வில், வெளி உருளையைச் சுழலவிட்டு, உள்ளே கம்பியில் தொங்கிய உருளையின் முறுக்கத்தை அளந்தார். இன்றைய மேசைக் கருவிகளில் சுழல்வது உள்ளே இருப்பது. அப்போது வேகமாக ஓடும் உள்பக்கத் திரவம் வெளியே தள்ளப்பட, தண்ணீர் போன்ற நீர்த்த திரவங்களில் வளைய வளையமாகச் சுழல்கள் கிளம்பும், பிரிட்டிஷ் இயற்பியலாளர் ஜி. ஐ. டெய்லர் 1923இல் இதை விளக்கினார். சுழல் கிளம்பியதும் இழுவை கூடி, திரவம் திடீரென்று தடித்துவிட்டதுபோல எண் ஏறும். நீர்த்த திரவத்துக்கு, குறுகிய இடைவெளியுள்ள உருளைத் துணைக்கருவியை மாட்டுவதே சரி.

கருவியைக் குமிழ்மட்டம் பார்த்து நேராக நிறுத்தி, ஸ்பிண்டில் மாட்டாமலே பூஜ்ஜியம் செய்ய வேண்டும். ஸ்பிண்டிலின் மரை இடக்கை மரை. மாட்டும்போது தண்டை விரலால் லேசாக மேலே தூக்கிப் பிடிக்காவிட்டால், உள்ளே ரத்தினக்கல் தாங்கியில் நிற்கும் கூர்முனை அடிபடும். அது மழுங்கிவிட்டதா என்பதை அறிய, ஸ்பிண்டிலைக் கையால் சற்றே திருப்பி விடுங்கள்: தாராளமாக ஆடிப் பூஜ்ஜியத்துக்குத் திரும்பினால் நல்லது, நடுவில் ஒட்டிக்கொண்டு நின்றால் பழுது.

எல்வி, நடுத்தரப் பாகுநிலைக்கான ஆர்வி ஆகிய வகைக் கருவிகளின் காரணிகள் 600 மில்லி குட்டை பீக்கருக்கும், ஸ்பிண்டிலைச் சுற்றி நிற்கும் காப்புச் சட்டத்துக்கும் சேர்த்துக் கணக்கிட்டவை. சிறிய பாத்திரத்தில் வைத்தால் சுவர் நெருங்கி எண் கூடும். தண்டில் உள்ள பள்ளக்கோடு வரை மூழ்க வேண்டும். வட்டத்தட்டு ஸ்பிண்டிலைச் சாய்த்து இறக்குங்கள். செங்குத்தாக இறக்கினால் அடியில் காற்றுக்குமிழி சிக்கி எண் குறையும்.

எல்லாவற்றையும்விட அதிகம் ஏமாற்றுவது வெப்பநிலை. தண்ணீரின் பாகுநிலை 20 டிகிரி செல்சியஸில் 1.002 மில்லிபாஸ்கல்-வினாடி; 25 டிகிரியில் 0.890. கெட்டியான எண்ணெய்களில் மாற்றம் இன்னும் கூர்மை. பீக்கரை வைத்திருக்கும் தொட்டியின் நீர் 25 டிகிரிக்கு வந்தாலும் பீக்கரின் நடுவில் இருக்கும் திரவம் வந்திருக்காது. வெப்பமானியைத் திரவத்துக்குள்ளேயே வைக்க வேண்டும்.

முடிவை வெறும் எண்ணாக எழுதினால் பயனில்லை. “எல்வி 2ஆம் ஸ்பிண்டில், 30 சுற்று, 25.0 டிகிரி, 64%, 640” என்று எழுதினால்தான் மற்றவர் அதைச் சோதிக்க முடியும். தேன் போன்ற, வேகத்தால் பாகுநிலை மாறாத நியூட்டன் திரவமானால் எந்த வேகத்திலும் 640 வர வேண்டும். ஆனால் இதே ஸ்பிண்டிலுக்கு 60 சுற்றில் முழு அளவு 500தான் என்பதால் கருவி அளவு மீறியதென்று சொல்லும். பெயின்ட், ஷாம்பு போன்றவை அதே 60 சுற்றில் 410 காட்டலாம். அது கருவியின் கோளாறல்ல. வேகமாகக் கலக்கும்போது திரவமே இளகுகிறது. வேகத்தைப் படிப்படியாக ஏற்றி, பிறகு இறக்கிப் பாருங்கள். இறங்கும்போது அதே வேகங்களில் எண்கள் குறைவாக வந்தால், குலைந்த உள்கட்டமைப்பு மீளத் திரவத்துக்கு நேரம் தேவைப்படுகிறது என்று பொருள். அடுத்த அளவீட்டுக்குப் புது மாதிரி எடுங்கள்.