காம்ப்ளக்ஸ் அனாலிசிஸ் படிக்கப் போகும் பி.எஸ்ஸி. மாணவர்களுக்கு

மதுரைக் கல்லூரிகளில் பி.எஸ்ஸி. கணிதம் மூன்றாம் ஆண்டு மாணவர்களிடம் காம்ப்ளக்ஸ் அனாலிசிஸ் (கலப்பு எண் சார்புகளின் நுண்கணிதம்) பற்றிக் கேட்டால், "ரியல் அனாலிசிஸ் மாதிரி இல்லை சார், கணக்கைப் போட்டால் மார்க் வந்துவிடும்" என்பதே பெரும்பாலும் பதிலாக வருகிறது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. இந்தத் தாளில் சூத்திரம் உண்டு, ஆண்டுதோறும் திரும்பி வரும் வினாக்கள் உண்டு, கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடையில் முக்கிய வினாக்களுக்கு விடைத் தொகுப்பும் கிடைக்கும். ஆனால், இதில் நல்ல மதிப்பெண்ணோடு தேறியவர்களே முதுகலை வகுப்பிலும் நெட், கேட் போன்ற தேசியத் தகுதித் தேர்வுகளிலும் இதே பாடத்தைக் கண்டு திகைத்து நிற்பதைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன்.

பிளஸ் டூ புத்தகத்தில் கலப்பு எண்களைப் படித்துவிட்டோம், இது அதன் தொடர்ச்சிதானே என்று மாணவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். அங்கே படித்தது இயற்கணிதம்: கூட்டல், பெருக்கல், மட்டு, வீச்சு, டி மாய்வர் தேற்றம். கல்லூரியில் வருவது அந்த எண்களின் மீது நுண்கணிதம். மெய்யெண் கோட்டில் ஒரு புள்ளியை இடப்பக்கமாகவோ வலப்பக்கமாகவோதான் நெருங்க முடியும். தளத்திலோ எந்தத் திசையிலிருந்தும் வரலாம், வளைந்து நெளிந்தும் வரலாம், எப்படி வந்தாலும் வகைக்கெழுவுக்கு ஒரே மதிப்புதான் கிடைக்க வேண்டும். இது மிகக் கடுமையான நிபந்தனை. ஒரு திறந்த பகுதி முழுவதும் ஒருமுறை வகையிடத்தக்கதாக இருக்கும் சார்பு (இதையே அனலிடிக் என்பார்கள்) எத்தனை முறை வேண்டுமானாலும் வகையிடத்தக்கதாகிவிடுகிறது என்ற, மெய்யெண்களில் நினைத்தும் பார்க்க முடியாத முடிவு அந்தக் கடுமையிலிருந்தே கிடைக்கிறது.

இதை உணராதவர்களை விடைத்தாளில் உடனே அடையாளம் காணலாம். சார்பின் மெய், கற்பனைப் பகுதிகளின் பகுதி வகைக்கெழுக்களை இணைக்கும் காஷி–ரீமன் சமன்பாடுகள் ஆதிப்புள்ளியில் நிறைவேறுவதைக் காட்டிவிட்டு, அடுத்த வரியிலேயே "எனவே சார்பு அனலிடிக்" என்று எழுதிக் கோடு போட்டு முடித்திருப்பார்கள். இசட் என்ற கலப்பு எண்ணின் மெய்ப்பகுதி எக்ஸ், கற்பனைப் பகுதி ஒய் இரண்டின் பெருக்கற்பலனுடைய மட்டு மதிப்பின் வர்க்கமூலத்தைச் சார்பாக எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு அச்சுகளின் மீதும் அதன் மதிப்பு பூஜ்யம் என்பதால் ஆதிப்புள்ளியில் பகுதி வகைக்கெழுக்கள் அனைத்தும் பூஜ்யம். சமன்பாடுகள் எந்தத் தடையுமின்றி நிறைவேறுகின்றன. எக்ஸ் அச்சின் வழியே ஆதியை நெருங்கினால் வகைக்கெழு விகிதமும் பூஜ்யமே. முதல் கால்பகுதியில் 45 பாகைக் கோட்டின் வழியே நெருங்கினால், 1ஐ '1 கூட்டல் ஐ'யால் (ஐ என்பது மைனஸ் 1ன் வர்க்கமூலம்) வகுத்தால் வரும் மதிப்பு கிடைக்கிறது. வழிக்கு வழி விடை மாறுவதால் அங்கே வகைக்கெழுவே இல்லை. பகுதி வகைக்கெழுக்கள் தொடர்ச்சியானவை என்ற கூடுதல் நிபந்தனையோடுதான் அந்தச் சமன்பாடுகள் போதுமானவையாகின்றன. அதுவும் ஒரு புள்ளியில் மட்டும் அல்லாமல், அதைச் சுற்றிய ஒரு பகுதியில் நிறைவேறினால்தான் அனலிடிக் என்று சொல்லலாம்.

மூடிய பாதைக்குள்ளும் அதன் மீதும் சார்பு எங்கும் கெடாவிட்டால் அதைச் சுற்றிய தொகை பூஜ்யம் என்பது காஷி தேற்றம். அதை விளக்க மதுரையைவிட வசதியான ஊர் கிடையாது. மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றிச் சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று ஒன்றுக்கு வெளியே ஒன்றாக வீதிகள் அமைந்திருக்கின்றன. கோயிலின் நடுவே ஆதிப்புள்ளி இருப்பதாகவும், தொகையிட வேண்டிய சார்பு 1ன் கீழ் இசட் என்றும் கொண்டால், சித்திரை வீதியில் சுற்றினாலும் மாசி வீதியில் சுற்றினாலும் தொகையின் மதிப்பு ஒன்றுதான். ஏனென்றால் இரு வீதிகளுக்கும் இடையே சார்பு கெடும் புள்ளி எதுவும் இல்லை. கோயிலை உள்ளடக்காமல் ஏதோ ஒரு தெருவை மட்டும் சுற்றி வந்தால் விடை பூஜ்யம். கணிதத்தில் நேர்த்திசை இடஞ்சுழி, அப்படிக் கோயிலைச் சுற்றினால் தொகை 2 பை ஐ. நாம் கோயிலை வலம் வருவதோ வலஞ்சுழி. ஆகவே தேரோடு மாசி வீதியைச் சுற்றி வந்தவருக்குக் கிடைப்பது 2 பை ஐ அன்று, மைனஸ் 2 பை ஐ! வகுப்பில் சிரிப்புக்காகச் சொல்வதுதான் என்றாலும், திசையைக் கவனிக்காமல் குறியை விட்டுவிடும் மாணவர்கள் பலர்.

பழகிய விதிகள் இங்கே கைவிடும் இடங்களும் உண்டு. சைனின் மதிப்பு 1ஐத் தாண்டாது என்பது மெய்யெண்களுக்கு மட்டுமே. 2 ஐ என்ற எண்ணின் சைனுக்கு மட்டு மதிப்பு 3.6க்கும் மேல். கலப்பு எண்ணுக்கு மடக்கைகள் பல, அவற்றில் வழக்கமாகத் தேர்ந்தெடுப்பதே முதன்மை மடக்கை. மைனஸ் 1ன் முதன்மை மடக்கை பை ஐ. அதை இருமுறை கூட்டினால் 2 பை ஐ வரும், ஆனால் மைனஸ் 1ஐ மைனஸ் 1ஆல் பெருக்கிக் கிடைக்கும் 1ன் முதன்மை மடக்கை பூஜ்யம். பெருக்கலின் மடக்கை மடக்கைகளின் கூட்டல் என்ற பள்ளி விதியை முதன்மை மதிப்புக்கு அப்படியே எடுத்துவரக் கூடாது.

ராமானுஜன் 1913இல் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில், பகா எண்களின் எண்ணிக்கை பற்றிக் கூறியிருந்தது சரியாக அமையவில்லை. பகா எண்களோடு நெருங்கிய தொடர்புடைய சீட்டா சார்பு பூஜ்யமாகும் கலப்பு எண்களை அவர் கணக்கில் கொள்ளாததே அதற்குக் காரணம் என்று ஹார்டி பின்னர் விளக்கியிருக்கிறார். அந்த மேதைக்குக் கும்பகோணத்தில் இந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. நமக்கு ஆசிரியரும் உண்டு, நூலகமும் உண்டு. ஜெராக்ஸ் கடைதான் இடையில் நிற்கிறது.

உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் பக்கமிருந்து தமிழ் வழியில் படித்து வரும் மாணவர்களுக்கு ஆங்கிலச் சொற்கள் முதலில் மிரட்சி தரும் என்பது உண்மைதான். அதைவிடப் பெரிய தடை, இரு மாறிச் சார்புகளின் எல்லையும் பகுதி வகைக்கெழுவும் கோட்டுத் தொகையும் இரண்டாம் ஆண்டோடு மறந்துபோவது. பருவம் தொடங்கும் முன் இவற்றை ஒருமுறை புரட்டிவிடுங்கள். தொகைக் கணக்கு எதுவானாலும் சூத்திரத்தைத் தொடும் முன் படம் வரையுங்கள். 1ன் கீழ் 'இசட் வர்க்கம் கூட்டல் 1' என்ற சார்பை, ஆதியை மையமாகவும் 2ஐ ஆரமாகவும் கொண்ட வட்டத்தில் இடஞ்சுழியாகத் தொகையிட்டால் பூஜ்யம். ஐ என்ற புள்ளியை மையமாகவும் 1ஐ ஆரமாகவும் கொண்ட வட்டத்தில் தொகையிட்டால் பை. ஐ, மைனஸ் ஐ ஆகிய இரு புள்ளிகளில் எவை வட்டத்துக்குள் அடங்குகின்றன என்பதைப் படமே காட்டிவிடும். அதற்குப் பிறகு, சார்பு கெடும் புள்ளி ஒவ்வொன்றும் தொகைக்குத் தரும் பங்கைக் கூட்டும் ரெசிடியூ கணக்கு இரண்டு வரி.

தேற்றத்தை எழுதும்போது அதன் நிபந்தனைகளில் ஒன்றை நீக்கிவிட்டால் என்ன கெடும் என்று ஓர் எதிர்க்காட்டை அருகிலேயே குறித்துவைப்பது நல்லது. சிஎஸ்ஐஆர் நெட் கணிதத் தாளின் 'சி' பகுதியில் ஒரே வினாவுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடைகள் இருக்கலாம். அவை அனைத்தையும் குறித்து, தவறான ஒன்றையும் குறிக்காமல் விட்டால்தான் மதிப்பெண். அங்கே முன்னும் பின்னுமாக மாற்றிக் கேட்கப்படுபவை பெரும்பாலும் இந்த நிபந்தனைகள்தான்.