அடோபி: சூளை காணாத கல்லின் பெயர்

'அடோபி' என்றதும் படம் திருத்தும் மென்பொருள்தான் பலருக்கு நினைவு வரும். அந்த நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜான் வார்னாக்கின் கலிபோர்னியா வீட்டுக்குப் பின்னால் ஓடிய ஓடையின் பெயர் அது. சொல்லோ ஸ்பானியம். சுடாமல் வெயிலில் மட்டும் காயவைத்த செங்கல் என்று பொருள்.

ஸ்பானியத்துக்கு அது அரபியிலிருந்து வந்தது. அரபியில் 'தூப்' என்றால் செங்கல். ஒற்றைக் கல் 'தூபா'. முன்னே 'அல்' சேர்ந்தால் 'அத்தூபா' என்று ஒலிக்கும். அந்த முன்னொட்டையும் சேர்த்தே வாங்கிக்கொண்டதால்தான் ஸ்பானியச் சொல் 'அ'வில் தொடங்குகிறது. அரபிக்கு முன், எகிப்தில் வழங்கிய காப்டிக் மொழியில் 'தோபெ'. அதற்கும் முன், பண்டை எகிப்தியத்தில் 'ஜெபெத்'.

இச்சொல் நைல் கரையில் பிறந்ததற்குக் காரணம் உண்டு. அங்கே வண்டல் ஏராளம், மரம் அரிது. நல்ல மரம் வேண்டுமென்றால் லெபனானிலிருந்து கப்பலில் வர வேண்டும். சுவருக்கு மண் போதும். கூரைக்கு என்ன செய்வது? உத்தரம் போட மரமில்லை, வளைவுக்கு முட்டுக்கொடுக்கச் சென்ட்ரிங் பலகையும் இல்லை. அந்த இல்லாமையிலிருந்தே, எகிப்தின் தெற்கிலும் சூடானின் வடக்கிலும் வாழும் நுபியர்களின் வளைகூரை பிறந்தது என்று நினைக்கிறேன். முதலில் பின்சுவரை உயரமாக எழுப்புகிறார்கள். முதல் வரிசைக் கற்களை அதன்மேல் சற்றே சாய்த்து ஒட்டுகிறார்கள். அடுத்த வளையம் முந்தியதன் மீது சாய்கிறது. வைக்கோல் கூடுதலாகக் கலந்த மெல்லிய கற்கள் என்பதால் எடை குறைவு. விரலால் இழுத்த வரிப்பள்ளங்கள் ஈரச் சேற்றைப் பற்றிக்கொள்ளும். கீழே ஒரு குச்சிகூட முட்டு இல்லாமல் கூரை முடிந்துவிடுகிறது! லக்ஸருக்கு எதிர்க்கரையில், இரண்டாம் ராம்சேசின் கோயிலையொட்டிய கிடங்குகளில் இத்தகைய மண்கல் வளைவுகள் மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நிற்கின்றன.

இரண்டாம் உலகப் போரில் மரமும் இரும்பும் எகிப்துக்கு வராமல் போயின. கட்டடக் கலைஞர் ஹசன் ஃபாத்தி பச்சை மண்ணால் வளைகூரை கட்டிப் பார்த்தார். அவை இடிந்து விழுந்தன. பிறகு அஸ்வான் பக்கம் போனபோதுதான், நுபியக் கொத்தனார்கள் அந்த வித்தையைக் கைவிடாமல் வைத்திருப்பதைக் கண்டார். அவர்களை அழைத்துவந்து கட்டியதுதான் புதிய குர்னா கிராமம். பழைய குர்னாவை விட்டு வர அங்கிருந்த மக்கள் விரும்பாததால் அது பாதியில் நின்றது. ஆனால் கட்டுமுறை தோற்கவில்லை. இத்தகைய வீட்டில் ஓர் அறை கூட்டலாம், சுவரை வெட்டி வாசல் வைக்கலாம், இடித்த மண்ணை ஊறவைத்து மறுபடி கல் அறுக்கலாம். சிமென்ட் வீட்டில் இதெல்லாம் நடக்குமா?

தமிழில் என்ன சொல்வது? 'களிமண் செங்கல்' என்கிறார்கள் சிலர். அது பிழை. வெறும் களிமண் காயும்போது வெடித்துவிடும். மணலும் வைக்கோலும் சேர்ந்தால்தான் அது நிற்கும். 'வெயிலில் உலர்த்திய செங்கல்' என்பது விளக்கம், பெயர் அல்ல. நம் செங்கல் சூளைக்குப் போய்க் கேளுங்கள். அறுத்துக் காயப்போட்டு, இன்னும் சூளையில் அடுக்காத கல்லைப் 'பச்சைக் கல்' என்பார்கள். இந்தப் பச்சை நிறமல்ல, வேகாத தன்மை. திருக்குறள் (660) சுடாத மண்பாண்டத்தைப் 'பசுமட்கலம்' என்கிறது. அதே பசுமைதான் இது. சுட்டால்தான் கல் சிவக்கும் என்பதால், 'பச்சைச் செங்கல்' என்பதைவிடப் 'பச்சைக் கல்' பொருத்தம் என்பது என் துணிபு.

ஒரு வேறுபாட்டை மட்டும் காக்க வேண்டும். ஆரோவில்லில் மண்ணோடு சிறிது சிமென்ட் சேர்த்து இயந்திரத்தில் அழுத்திக் கல் செய்கிறார்கள். நுபிய முறையில் வளைகூரையும் எழுப்பியிருக்கிறார்கள். அந்தக் கல்லும் சூளை காணாததுதான். ஆனால் அதை 'அழுத்திய மண்கல்' என்றே குறிக்க வேண்டும். ஊறவைத்தால் மறுபடி சேறாகும் கல்லுக்கே பச்சைக் கல் என்ற பெயர் பொருந்தும்.