‘உடம்புக்கு மருந்து பழகிப்போச்சு’

நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் எனக்கு நோயாளிகளின் முகம் அதிகம் தெரியாது. அவர்களுடைய சீழும் சளியும் சிறுநீரும்தான் என் மேசைக்கு வரும். ரிப்போர்ட் வாங்க ஜன்னலுக்கு வரும் உறவினர்களிடம் இரண்டு வார்த்தை பேசுவதோடு சரி. அந்த இரண்டு வார்த்தையில் அடிக்கடி வந்து விழும் ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

சர்க்கரை நோயால் காலில் புண் வந்த ஒரு பெரியவரின் மகள் அன்று வந்திருந்தார். ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, “மேடம், போன வருஷம் இதே மாதிரி ஊசிதான் போட்டாங்க, நல்லாக் கேட்டுச்சு. இப்ப அப்பா உடம்புக்கு அது பழகிப்போச்சு போல” என்றார்.

படித்தவர், படிக்காதவர் எல்லோரும் சொல்வதுதான். ‘இந்த மாத்திரை எனக்குக் கேட்காது, பழகிப்போச்சு.’ கேட்கும்போதெல்லாம் மனசு பதறும். இந்த ஒரு வாக்கியத்தை நம்புவதால்தான், போன முறை அப்பாவுக்கு வாங்கியதில் மீந்ததைத் தம்பிக்குக் கொடுக்கிறோம். ‘அவன் உடம்புக்கு இன்னும் பழகலையே’ என்பது கணக்கு. ஆன்டிபயாடிக் விஷயத்தில் உடம்பு எதற்கும் பழகுவதில்லை. மாறியிருப்பது உடம்புக்குள் இருக்கும் கிருமிக் கூட்டம். அது எப்படி மாறியது என்று கேட்டால், டார்வின் 1859-இல் எழுதிவைத்த இயற்கைத் தேர்வைத் தவிர வேறு பதில் இல்லை.

அந்தப் பெரியவரின் பிளேட்டிலேயே அதைப் பார்க்கலாம்.

சீழிலிருந்து கிருமியைப் பிரித்தெடுத்து, உப்புநீரில் கலக்கி, பஞ்சுக்குச்சியால் அகார் பிளேட் (கிருமி வளர்வதற்கான கூழ் நிரப்பிய தட்டு) முழுக்க மூன்று திசையிலும் தேய்ப்போம். அதன்மேல் ஆன்டிபயாடிக் தோய்ந்த சிறு வட்டக் காகிதங்களை வைப்போம். ஒவ்வொன்றும் 6 மில்லிமீட்டர், பொட்டு அளவுதான். இரவு முழுக்க 35 டிகிரியில் இன்குபேட்டரில் இருக்கும். காலையில் எடுத்தால் பிளேட் முழுக்கப் பால் ஆடை போலக் கிருமி படர்ந்திருக்கும். மருந்து வேலை செய்த இடத்தில் மட்டும் காகிதத்தைச் சுற்றித் தெளிவான வட்டம். ஸ்கேல் வைத்து அந்த வட்டத்தை அளந்துதான் ‘சென்சிடிவ்’ (மருந்து கேட்கும்), ‘ரெசிஸ்டன்ட்’ (கேட்காது) என்று எழுதுகிறோம்.

பெரியவரிடம் கிடைத்தது எண்டரோபாக்டர் என்ற கிருமி. செஃபோடாக்சிம் என்ற ஆன்டிபயாடிக் ஊசிமருந்தின் காகிதத்தைச் சுற்றி நல்ல அகலமான வட்டம். அளவுப்படி சென்சிடிவ்தான். ஆனால் பிளேட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது, அந்தத் தெளிந்த வட்டத்துக்குள் நான்கு புள்ளிகள். கடுகை விடச் சின்னது. முதலில் வெளிக்கிருமி கலந்துவிட்டதோ என்றுதான் சந்தேகம் வரும். ஒரு புள்ளியைத் தொட்டெடுத்துத் தனியாக வளர்த்தேன். அதே எண்டரோபாக்டர். அதை வேறு பிளேட்டில் தேய்த்து மறுபடி செஃபோடாக்சிம் வைத்தேன். மறுநாள் காலையில் வட்டமே இல்லை. காகிதத்தின் விளிம்புவரை வந்து ஒட்டி வளர்ந்திருந்தது.

நடந்தது இதுதான். செஃபோடாக்சிம் மாதிரியான மருந்துகளை உடைக்கும் ஒரு நொதிக்கான மரபணு இந்த இனக் கிருமியிடம் பிறப்பிலேயே உண்டு. ஆனால் குழாயை இறுக மூடிவைத்தது போல அடக்கமாகவே வைத்திருக்கும். செல் பிரிந்து பெருகும்போது மரபணு நகலெடுப்பில் எப்போதாவது ஒரு பிழை நேரும். பல லட்சம் கிருமிகளில் ஒன்றில் அந்தப் பிழை, குழாயை மூடிவைக்கும் திருகிலேயே விழுகிறது. அதன்பின் நொதி நிற்காமல் கொட்டுகிறது. மருந்தே இல்லாத இடத்தில் அது வீண் செலவு. அப்படிப்பட்டவை பொதுவாகக் கூட்டத்தில் அரிதாகவே இருக்கும். செஃபோடாக்சிம் வந்து மற்ற எல்லாவற்றையும் கொன்றுபோட்ட இடத்தில் அந்தப் பழுதடைந்த கிருமிக்குத்தான் சாப்பாடும் இடமும். நான்கு கிருமிகள் பிழைத்தன. விடிவதற்குள் நான்கும் நான்கு குடும்பங்களாகி என் கண்ணுக்குத் தெரிந்தன.

பிளேட்டில் ஓர் இரவில் நடந்தது புண்ணுக்குள் சில நாட்களில் நடக்கும். வட்டம் அகலமாக இருந்தாலும் இந்தக் கிருமிக்கு இந்த ஊசியை நம்ப வேண்டாம் என்று வார்டுக்குப் போன் செய்து சொன்னது அதனால்தான். ரிப்போர்ட்டிலும் எழுதியிருந்தேன். மகள் படித்தது அந்த வரியைத்தான்.

‘மருந்தைப் பார்த்துக் கிருமி உஷாராகிவிட்டது’ என்று அடுத்து ஒன்று சொல்வார்கள். டாக்டர்களே பேச்சுவாக்கில் சொல்வதுண்டு. அதுவும் சரியில்லை. மருந்து வந்த பிறகு கிருமி கற்றுக்கொள்கிறதா, வருவதற்கு முன்பே சில கிருமிகள் அப்படி இருந்தனவா என்பது ஒரு காலத்தில் உண்மையான விவாதம். 1952-இல் அமெரிக்க விஞ்ஞானிகளான ஜோஷுவா லெடர்பெர்க், எஸ்தர் லெடர்பெர்க் தம்பதி ஒரு வெல்வெட் துணியை வைத்து அதற்குப் பதில் சொன்னார்கள். கிருமி வளர்ந்த பிளேட்டின் மேல் வெல்வெட்டை முத்திரை போல அழுத்தி, அதே துணியை மருந்து கலந்த பிளேட்டுகளில் வரிசையாக ஒற்றினார்கள். வெல்வெட்டின் ஒவ்வோர் இழையும் ஓர் ஊசி மாதிரி; எந்தக் கிருமி எந்த இடத்தில் இருந்ததோ அதே இடத்துக்கு நகல் போகும். மருந்துப் பிளேட்டுகளில் பிழைத்தவை எல்லாம் ஒரே இடங்களில் முளைத்தன. மருந்தின் வாசனையே படாத மூலப் பிளேட்டில் அதற்கு நேரான இடத்தைக் கிள்ளி, அதையே திரும்பத் திரும்பப் பெருக்கிப் பார்த்தபோது, அங்கே மருந்தைத் தாங்கும் கிருமி ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. கிருமி எதையும் கற்றுக்கொள்ளவில்லை. மருந்து வந்து பொறுக்கி எடுத்தது, அவ்வளவுதான்.

எனக்கு இதைப் பாடப்புத்தகத்துக்கு முன்பே புரியவைத்தது எங்கள் வயல். குதிரைவாலிக்கு உறவான ஒரு களைப்புல் நெல்லோடு சேர்ந்து வளரும். பயிர் இளசாக இருக்கும்போது நெல் எது, புல் எது என்று என்னால் சொல்லவே முடியாது. அம்மா தாளைப் பிரித்துக் காட்டுவார். இலை தண்டோடு சேரும் மூட்டில் நெல்லுக்குச் சவ்வு மாதிரி சின்ன நாக்கு ஒன்று இருக்கும், புல்லுக்கு இருக்காது. ஆயிரக்கணக்கான வருடங்களாக மனிதர்கள் கையால் களை பறித்திருக்கிறார்கள். நெல்லைப் போல இல்லாத புல் முதலில் கையில் சிக்கியது. கொஞ்சம் நெல் சாடையில் இருந்தது தப்பித்து விதை உதிர்த்தது. அடுத்த பட்டத்தில் இன்னும் கொஞ்சம் சாடை. நெல்லைப் போல வேடம் போட வேண்டும் என்று எந்தப் புல்லும் நினைக்கவில்லை. களை பறித்த நம் கைகளே அந்த வேடத்தைத் தைத்துக் கொடுத்தன. நிமிர்ந்து வளரும் தாள், அதே பச்சை, அதே உயரம் என்று.

விதைநெல்லுக்குத் திரட்சியான கதிராகப் பார்த்து எடுத்துவைப்பது நாம் தெரிந்து செய்யும் தேர்வு. களை பறித்தபோது நடந்தது தெரியாமல் செய்த தேர்வு. சளிக்காய்ச்சலுக்கு மெடிக்கல் ஷாப்பில் “மூணு நாளைக்கு ஆன்டிபயாடிக் குடுங்க” என்று வாங்கி விழுங்குவதும் தெரியாமல் செய்யும் தேர்வுதான். மருந்தைத் தாங்கும் கிருமியை நம் குடலிலேயே விதைக்கு எடுத்துவைக்கிறோம்.

குடல் என்று சொன்னதைக் கவனியுங்கள். சாதாரணச் சளி பெரும்பாலும் வைரஸால் வருவது. அசித்ரோமைசின் மாதிரி ஆன்டிபயாடிக்கால் அந்த வைரஸை ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் மாத்திரை தொண்டையோடு நின்றுவிடாது. குடலில் லட்சக்கணக்கான கோடி பாக்டீரியாக்கள், நமக்கு ஒரு தீங்கும் செய்யாமல் குடியிருப்பவை, அந்த மருந்தில் நனைகின்றன. தாங்குபவை மிஞ்சுகின்றன. நல்ல சூழலில் ஈ. கோலை 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகும். அதே வேகத்தில் 10 மணி நேரம் போனால் ஒன்று 107 கோடி. நமக்கு ஒரு தலைமுறை கடக்க 25 வருடம் ஆகிறது. பரிணாமம் என்றால் டைனோசர் காலத்துச் சமாசாரம் என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கணக்கை எப்போதும் போட்டுக்காட்டுவேன்.

மிஞ்சியவை தங்களோடு மட்டும் வைத்துக்கொள்வதும் இல்லை. பிளாஸ்மிட் என்ற சிறு டிஎன்ஏ வளையத்தில் மருந்தைத் தாங்கும் மரபணுவை ஏற்றி, பக்கத்திலிருக்கும் வேற்று இனக் கிருமிக்கும் கைமாற்றிக் கொடுத்துவிடும். கடைசி ஆயுதமாக வைத்திருந்த கார்பபெனம் மருந்துகளையே உடைக்கும் என்டிஎம்-1 மரபணு அப்படிப் பரவியதுதான். 2010-இல் வெளியான ஆய்வில் சென்னையிலிருந்து மட்டும் 44 கிருமி மாதிரிகளில் அது இருந்தது. 2012-இல் இந்த ஊரிலேயே மருத்துவர்கள் கூடி, மருந்துக்கு அடங்காத கிருமிகளைச் சமாளிக்க ‘சென்னைப் பிரகடனம்’ என்று ஒன்றை வெளியிட்டார்கள். 2014 மார்ச் முதல் மருந்து விற்பனை விதிகளில் அட்டவணை எச்1 நடைமுறைக்கு வந்தது. முக்கியமான பல ஆன்டிபயாடிக்குகளைச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது, விற்றதைத் தனிப் பதிவேட்டில் எழுதவேண்டும் என்பது சட்டம். 2019-இல் கோழி, மீன் போன்ற உணவுக்கான உயிரினங்களுக்குக் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கொடுப்பதையும் தடை செய்தார்கள். சட்டம் இருக்கிறது. கடைக்காரரிடம் சீட்டு இல்லாமல் கேட்காமல் இருப்பது நம் கையில் இருக்கிறது.

இயற்கைத் தேர்வைப் புரிந்துகொண்டு அதை மடக்கிய கதையும் நமக்கு உண்டு. ஸ்ட்ரெப்டோமைசின் வந்த புதிதில் காசநோய்க்கு அதை மட்டும் தனியாகக் கொடுத்தார்கள். 1948-இல் வெளியான பிரிட்டன் ஆய்வில் நோயாளிகள் முதலில் நன்றாகத் தேறினார்கள், பிறகு பலரிடம் மருந்துக்கு அடங்காத கிருமி தலைதூக்கியது. இன்றைக்கு ஏன் மருந்துகளைச் சேர்த்துத் தருகிறோம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. நுரையீரலில் குழி விழுந்த நோயாளியிடம் பத்துக் கோடி கிருமிகள் சர்வசாதாரணம். ஐசோனியாசிட் என்ற காசநோய் மருந்தைத் தாங்குவது தோராயமாகப் பத்து லட்சத்தில் ஒன்று. ஆகவே அந்த ஒரு மருந்தை மட்டும் கொடுத்தால், நூறு கிருமிகள் ஏற்கெனவே காத்திருக்கின்றன. ரிஃபாம்பிசின் என்ற இன்னொரு மருந்தைத் தாங்குவது பத்துக் கோடியில் ஒன்று. இரண்டையும் ஒருசேரத் தாங்குவது கோடி கோடியில் ஒன்று. அத்தனை கிருமி எந்த நுரையீரலிலும் இல்லை. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்தை ஒன்றாக விழுங்கச் சொல்வதன் காரணம் இந்தப் பெருக்கல்தான். ‘இந்த மாத்திரை மட்டும் குமட்டுது’ என்று ஒன்றை ஒதுக்கிவிட்டு மீதியைச் சாப்பிடுபவர் இந்தக் கணக்கைக் கலைக்கிறார். குமட்டினால் டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக ஒதுக்காதீர்கள்.

1956-இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டாலும் சானடோரியத்தில் படுத்திருப்பவரைப் போலவே குணமாகலாம் என்று உலகத்துக்குக் காட்டியது. மருந்தை விடாமல் சாப்பிட்டால்தான். எதிரில் நின்று விழுங்கவைக்கும் வழக்கத்துக்கும் அங்கே நடந்த ஆய்வுகள் அடிப்படை போட்டன.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்லியாக வேண்டும். காசநோய்க்கு மாதக்கணக்கில் முழுக்க முடிப்பது கட்டாயம். அதற்காக எல்லா ஆன்டிபயாடிக்கும் நீளமாகச் சாப்பிட்டால் நல்லது என்று அர்த்தமில்லை. பல சாதாரணத் தொற்றுகளுக்குக் குறைந்த நாட்களே போதும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தேவைக்கு மேல் போகும் ஒவ்வொரு நாளும் குடலில் தேர்வு நடக்கும் நாள். “எத்தனை நாள் டாக்டர்? முன்னாடியே சரியாயிட்டா வந்து காட்டட்டுமா?” என்று கேளுங்கள். “கல்ச்சர் எடுத்துட்டு ஆரம்பிக்கலாமா?” என்றும் கேளுங்கள்; கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைதான் அது. ஒரு நல்ல டாக்டர் இதற்குக் கோபப்படமாட்டார்.

மருந்தை நிறுத்திவிட்டால் பழைய கிருமியே திரும்பி வந்துவிடுமா என்று சில மாணவர்கள் கேட்பார்கள். சில சமயம் ஓரளவு வரும். பல சமயம் வராது. மருந்தைத் தாங்குவதால் ஏற்படும் இழப்பை ஈடுகட்டும் வேறொரு மாற்றம் அதற்குள் அந்தக் கிருமியில் சேர்ந்திருக்கும். பிறகு மருந்து இல்லாத இடத்திலும் அது சுகமாக இருக்கும். பரிணாமத்துக்கு வந்த வழியே திரும்பிப் போக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

இதில் பாதியைத்தான் அன்று ஜன்னலில் நின்று அந்த மகளிடம் சொன்னேன். போனில் எடுத்து வைத்திருந்த பிளேட் படத்தையும் காட்டினேன். இரண்டு விரலால் பெரிதாக்கி நான்கு புள்ளிகளையும் எண்ணினார். பிறகு கைப்பையைத் திறந்து, பாதி காலியான ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார். போன வருடம் அப்பாவுக்கு வாங்கியதில் மீந்தது. “பையனுக்கு நேத்துலருந்து தொண்டை வலி மேடம். ராத்திரி இதுல ஒண்ணு குடுக்கலாம்னு எடுத்துட்டு வந்தேன்.”

“எங்க காட்டணும், குழந்தை டாக்டர்கிட்டயா?” என்றும் அவரே கேட்டார். ஆமாம் என்று சொல்லி, இரண்டாம் மாடிக்கு வழி காட்டினேன்.