வொயாஜர்: பயணி அல்ல, ஓடக்காரர்

லூயிஸ், கிளார்க் இருவரும் அமெரிக்காவின் மேற்கைத் தேடிப் போன கதையைப் படித்தால், ‘வொயாஜர்’ என்ற பிரெஞ்சுச் சொல் கட்டாயம் எதிர்ப்படும். அதைத் தமிழில் ‘பயணி’ என்று எழுதினால் அகராதிப்படி சரிதான். ஆனால் அந்த ஆட்களின் உழைப்பு அதில் காணாமல் போய்விடும்.

லத்தீனில் ‘வியா’ என்றால் வழி. வழிச்செலவுக்கான உணவும் பணமும் ‘வியாட்டிக்கம்’. அது தேய்ந்து பிரெஞ்சில் ‘வொயாஜ்’, அதாவது பயணம் என்றானது. பழந்தமிழில் ‘ஆற்றுணா’ என்று ஒரு சொல் உண்டு. ஆறு என்றால் வழி. வழியில் உண்பது ஆற்றுணா, நம் கட்டுச்சோறு. வியாட்டிக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. 1977இல் விண்ணுக்குப் போன வாயேஜர் கலங்களின் பெயரும் இந்த வேரிலிருந்து வந்ததே.

கனடாவின் மென்மயிர் வணிகத்தில் இந்தச் சொல்லின் பொருள் குறுகியது. பீவர் என்ற நீர்வாழ் கொறிவிலங்கின் தோல் வாங்கச் சரக்கேற்றிப் போகும் தோணிகளுக்குத் துடுப்புப் போடும் ஒப்பந்தக் கூலியாள்தான் வொயாஜர். ஆற்றில் அருவி குறுக்கிட்டால் தோணியையும் சரக்கையும் கரையில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். ஒரு மூட்டை 90 பவுண்டு, சுமார் 41 கிலோ. நெற்றியில் பட்டையை மாட்டி, ஒரு நடைக்கு இரண்டு மூட்டை சுமப்பார்கள். எத்தனை முறை நின்று புகைபிடித்தார்கள் என்பதுதான் அவர்களுக்குத் தூரக் கணக்கு.

பியர் க்ரூசாட் அப்படிப்பட்டவர். தந்தை வழியில் பிரெஞ்சு, தாய் வழியில் ஒமாஹா பழங்குடி. மிசூரி ஆற்றில் பழகிய கை என்பதால் 1804 மே மாதம் லூயிஸும் கிளார்க்கும் அவரைத் தங்கள் படையில் சேர்த்துக்கொண்டார்கள். 1805 மே 14 அன்று பாய் விரித்துப் போன படகைத் திடீர்க் காற்று சாய்த்தது. சுக்கானில் இருந்த ஷார்பனோவும் மென்மயிர் வணிகத்தில் இருந்தவர்தான், மொழிபெயர்ப்பாளராக வந்தவர். நீச்சல் தெரியாத அவர் பயந்துபோய்க் கடவுளைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். ‘சுக்கானைப் பிடி, இல்லாவிட்டால் சுட்டுவிடுவேன்’ என்று மிரட்டி அவரை வழிக்குக் கொண்டுவந்தவர் க்ரூசாட். அப்புறம் இருவரைத் தண்ணீர் இறைக்கவிட்டு, தாமும் வேறு இருவருமாகத் துடுப்புப் போட்டுக் கரை சேர்த்தார். ஷார்பனோவின் மனைவி சகாகவியா, மிதந்துபோன பொருள்களை எட்டி எட்டி எடுத்துக் காப்பாற்றினார்.

ஒரே தொழிலில் இருந்த இரண்டு பேர். வொயாஜர் என்ற சொல் அன்று யாருக்குப் பொருந்தியது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ‘வணிகர்’ என்றாலும் தவறுதான், ஏனென்றால் சரக்கும் லாபமும் முதலாளிக்கு உரியவை. நான் முதல் இடத்தில் ‘மென்மயிர் வணிக ஓடக்காரர்’ என்று எழுதி, பிறகு ‘ஓடக்காரர்’ என்றே தொடர்வேன். பீவரைப் பீவர் என்றே விட்டுவிடலாம். நீர்நாய் வேறு விலங்கு.